பீச் பார்பெக்யூ சாஸ்: ஊறுகாய்க் கணக்கு இங்கே செல்லாது

ஜார்ஜியாவில் மே மாத நடுவில் பீச் பழம் வரத் தொடங்கும். ஆகஸ்ட் பாதியோடு முடிந்துவிடும். வண்டியின் நம்பர் பிளேட்டிலேயே பீச் படம் போட்டுக்கொள்ளும் மாநிலம் இது. விளைச்சலில் பக்கத்துத் தென் கரோலினா முந்திக்கொள்கிறது என்பதை மட்டும் இங்கே யாரிடமும் சொல்லிவிடக் கூடாது. அட்லாண்டாவுக்குத் தெற்கே ஃபோர்ட் வேலிப் பக்கத் தோட்டங்களுக்குப் போனால் கூடைக் கணக்கில்தான் வாங்கத் தோன்றும். வீட்டுக்கு வந்த சில நாளிலேயே எல்லாம் ஒரே நேரத்தில் கனிந்து நிற்கும். ஜாம் போட்டால் எங்கள் வீட்டில் தின்ன ஆளில்லை. கிரில் மட்டும் கோடை முழுக்க ஓய்வதில்லை. ஆகவே பீச் எல்லாம் பார்பெக்யூ சாஸாகிவிடுகிறது.

கடையில் விற்கும் கெட்டியான, கருஞ்சிவப்பு, தக்காளி சாஸ் கான்சாஸ் சிட்டி வழி. அது ஒன்றுதான் பார்பெக்யூ சாஸ் என்றில்லை. வட கரோலினாவின் கிழக்கில் வினிகரும் மிளகாயும் மட்டும். தென் கரோலினாவில் மஞ்சள் கடுகு. வட அலபாமாவில் மயோனைஸ் சேர்த்த வெள்ளைச் சாஸ். இத்தனைக்கும் நடுவே பழச் சாஸுக்கும் இடமுண்டு. புளிப்பு, இனிப்பு, காரம் மூன்றும் சேர்ந்து வருவதால், மாங்காய்ப் பச்சடி தின்று வளர்ந்த நாக்குக்கு இது உடனே பிடித்துப்போகும்.

நான் பின்பற்றும் அளவு இது: தோலுரித்துப் பொடியாக நறுக்கிய பீச் 6 கப், சிவப்புக் குடைமிளகாய் 1 கப், வெங்காயம் 1 கப், பூண்டு 3 மேசைக்கரண்டி, தேன் ஒன்றேகால் கப், 5 சதவீத அமிலமுள்ள ஆப்பிள் சைடர் வினிகர் முக்கால் கப், வொர்செஸ்டர்ஷயர் சாஸ் 1 மேசைக்கரண்டி, கொரகொரப்பான மிளகாய்த்தூள், கடுகுத்தூள், உப்பு ஒவ்வொன்றும் 2 தேக்கரண்டி. பழத்தைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டு ஐஸ் தண்ணீருக்கு மாற்றினால் தோல் கையோடு வந்துவிடும். கொட்டை ஒட்டாத ரகமாகக் கேட்டு வாங்குங்கள். பாதி வேலை மிச்சம். எல்லாவற்றையும் அடி கனத்த எவர்சில்வர் பாத்திரத்தில் சேர்த்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, 25 நிமிடம் போலக் கிளறினால் பதம் வந்துவிடும். அலுமினியமும் இரும்பும் வேண்டாம். வினிகர் பட்டால் சாஸில் உலோக வாடை ஏறும்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “மேலே எண்ணெயே மிதக்கலையேடி, இது எப்படிக் கெடாம இருக்கும்?” நியாயமான கேள்வி. நம் ஊறுகாய் நிற்பது உப்பாலும் வெயிலாலும் எண்ணெயாலும். இந்தச் சாஸ் நிற்பது புளிப்பாலும் கொதிநீர்ச் சூட்டாலும். ஒன்றின் கணக்கை இன்னொன்றில் போடக் கூடாது.

பயப்பட வேண்டியது கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமிக்கு. காற்றில்லாத, ஈரமான, புளிப்புக் குறைந்த இடம் கிடைத்தால் அது நஞ்சை உண்டாக்கும். அதன் வித்துகள் 100 டிகிரிக் கொதிநீரிலும் சாவதில்லை. ஆனால் பி.எச். 4.6க்கு மேல் போகாதவரை அவை முளைக்க முடியாது. முக்கால் கப் வினிகர் ருசிக்காக மட்டும் அல்ல என்பது இதனால்தான். “கொஞ்சம் புளிப்பாயிருக்கே” என்று அதைக் குறைத்துவிடாதீர்கள். வெங்காயம், பூண்டு, குடைமிளகாயைக் கூட்டினாலும் புளிப்பு நீர்த்துப்போகும். நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டுவது, சோளமாவு கரைத்து ஊற்றுவது இரண்டும் வேண்டாம். மாவு சேர்ந்தால் பாட்டிலின் நடுவரை சூடு சரியாக இறங்காது.

அப்படியானால் நம் கைவண்ணம் எங்கே? உலர்ந்த மசாலாவில். வறுத்துப் பொடித்த சீரகம், மிளகு, காஷ்மீரி மிளகாய்த்தூள் இவற்றை மாற்றலாம், கூட்டலாம், குறைக்கலாம். நான் மிளகைத் தாராளமாகவே போடுகிறேன்.

பழத்தை மாற்றுவதிலும் கவனம் வேண்டும். மஞ்சள் சதைப் பீச் போதிய புளிப்புள்ளது. வெள்ளைச் சதைப் பீச் 4.6ஐத் தாண்டக்கூடும். நன்கு பழுத்த மாம்பழமும் அப்படியே. பங்கனபள்ளி கிடைத்ததே என்று இதே அளவில் பீச்சுக்குப் பதில் மாம்பழம் போட்டு அலமாரியில் வைப்பது ஆபத்து. மாம்பழச் சாஸ் செய்யுங்கள், கருப்பட்டியும் போடுங்கள், ஆனால் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று வாரத்தில் முடித்துவிடுங்கள், அல்லது ஃபிரீசரில் வையுங்கள். சொந்தக் கற்பனைக்கெல்லாம் நான் வைத்திருக்கும் விதி இதுதான். அலமாரியில் நிற்க வேண்டியதற்குப் பரிசோதித்த அளவு மட்டுமே. ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலேயே வீட்டு உணவுப் பதப்படுத்தலுக்கான தேசிய மையம் இருக்கிறது. அவர்கள் சொல்லும் முறைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

அடைக்கும் முறைக்கு வருவோம். கால் லிட்டர் மேசன் ஜார் ஏழெட்டு வேண்டும். சூடான ஜாரில் சூடான சாஸை ஊற்றி, மேலே அரை அங்குலம் இடம் விட்டு, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழ்களைக் கிளறி எடுத்து, விளிம்பைத் துடைக்க வேண்டும். தட்டை மூடி ஒவ்வொரு முறையும் புதிது. திருகு வளையத்தை மறுபடி பயன்படுத்தலாம். வளையத்தை விரல் நுனியால் திருகினால் போதும், உள்ளிருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும். ஜாருக்கு மேல் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கக் கொதிக்கவிட வேண்டும். கணக்கு 15 நிமிடம். ஆனால் அது கடல் மட்டத்திலிருந்து 1,000 அடி வரைக்கும்தான். அட்லாண்டா அதைச் சற்றே தாண்டி நிற்கிறது. எனவே நான் 5 நிமிடம் கூட்டி 20 ஆக வைக்கிறேன். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் இந்தக் கூடுதல்.

சூட்டோடு ஊற்றி ஜாரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூடி ஒட்டிக்கொள்ளும், பாதுகாப்பு வராது.

எடுத்து வைத்த ஜார்களை ஒரு நாள் அசைக்க வேண்டாம். ஆறும்போது மூடிகள் ஒவ்வொன்றாய் ‘டிங்’ என்று உள்வாங்கும். மறுநாள் நடுவில் அழுத்திப் பார்த்து, எழும்பித் தாழ்கிற மூடி இருந்தால் அந்த ஜார் ஃபிரிட்ஜுக்கு. மற்றவை வெளிச்சம் படாத இடத்தில் ஓராண்டு நன்றாக இருக்கும். திறந்த பிறகு எல்லாமே ஃபிரிட்ஜில்தான்.

கிரிலில் இதை முதலிலேயே தடவினால் தேன் கருகிக் கசக்கும். கோழி வெந்து முடியும் கடைசிப் பத்து நிமிடத்தில் தடவுங்கள். உள்ளே 74 டிகிரி வந்ததா என்று வெப்பமானி வைத்துப் பார்த்துவிடுங்கள். தேவையான சாஸைக் கிண்ணத்தில் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும், ஜாருக்குள் பிரஷ் போகக் கூடாது. பன்னீருக்கும் சோளக்கதிருக்கும் அருமையாகச் சேரும். ஒன்று, வொர்செஸ்டர்ஷயர் சாஸில் பொதுவாக நெத்திலி இருக்கும். சைவர்கள் வருவதாக இருந்தால் அது சேர்க்காத ரகமாகப் பார்த்து வாங்குங்கள். பன்னீருக்குத் தனிப் பிரஷும் வேண்டும். சைவ விருந்தாளிகள் அதைக் கவனிக்காத மாதிரியே கவனிப்பார்கள்.