நோவாத கட்டி

கோவை மாநகரின் வடபால், மேட்டுப்பாளையம் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்தது துடியலூர். அப்பகுதியில் கோயில் கொண்டுள்ள சிவபெருமானுக்கு விருந்தீசுவரர் என்பது திருப்பெயர். பசியோடு வந்த சுந்தரருக்கு இறைவனே விருந்தளித்தான் என்பது தலவரலாறு. அவ்விருந்தோம்பும் பண்பு கொங்கு நாட்டு இல்லங்களில் இன்றும் குன்றவில்லை. விடியுமுன் எழுந்து மாட்டுக்குத் தீனி வைத்து, பால் கறந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தானும் ஆலைக்கோ தோட்டத்துக்கோ விரையும் பெண், எல்லார்க்கும் பரிமாறிய பின்னரே தன் தட்டை எடுக்கிறாள். உணவில் இப்பழக்கம் பண்பு எனப் போற்றப்படலாம். நோயில் அஃது உயிருக்கே இடராய் முடிகிறது.

மார்பில் சிறு கட்டி ஒன்று தோன்றுகிறது எனக் கொள்வோம். அது பெரும்பாலும் நோவதில்லை. பல்வலியோ காய்ச்சலோ வந்தால் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுமாறு உடலே வற்புறுத்தும். நோவாத கட்டிக்கு அவ்வாறு வற்புறுத்துவார் எவருமில்லை. "அறுவடை முடியட்டும், மகள் திருமணம் முடியட்டும்" என நாட்கள் கழிகின்றன. நாணமும் உடன் சேர்ந்து வாயை அடைத்துவிடுகிறது. இந்தியப் பெண்களை மிகுதியாகப் பற்றும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,92,000 பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர் என்பது உலகளாவிய மதிப்பீடு. காலந்தாழ்த்தி வருவதே இங்கு இறப்புகள் மிகுவதற்கு ஒரு பெருங்காரணம்.

ஆயினும் அஞ்சுதற்கு முன் ஒன்றை அறிதல் வேண்டும். மார்பில் தோன்றும் கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எது தீயது, எது தீதற்றது என்பதை மருத்துவரின் ஆய்வே காட்டும். கட்டியேயன்றி, தோல் சுருங்குதல், ஆரஞ்சுப் பழத்தோல் போலத் தடித்தல், காம்பு உள்ளிழுக்கப்படுதல், காம்பிலிருந்து குருதி கசிதல், அக்குளில் நெறி கட்டுதல் ஆகியனவும் கவனித்தற்குரியன. குழந்தைக்குத் தாய்ப்பால் ஊட்டுதல், உடலுழைப்பு, அளவான எடை, மதுவை விலக்கல் என்பன நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கின்றன. முற்றிலும் தடுப்பன அல்ல. எனவே, ஒழுங்காக வாழ்ந்த பெண்ணுக்கு நோய் வந்தால் அவள் மீது குறை காண்பது அறியாமை. இந்நோய் தொட்டால் ஒட்டுவதும் அன்று.

தமிழகத்தில் இந்நோயை எதிர்த்த முயற்சி ஒரு வீட்டின் துயரத்திலிருந்து பிறந்தது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய அயரா முயற்சியால் 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிற்று. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதனை வளர்த்தார். 1955இல் அங்குச் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021இல் மறையும் வரை அப்பணியிலேயே வாழ்ந்தார். புற்றுநோய் என்றாலே மரணம் என்று பலரும் நம்பிய காலத்தில் அவர்கள் தொடங்கிய வேலை அது.

விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலே இந்நோயை முன்னதாகக் கண்டறிய இயலுமா? மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998 முதல் இவ்வினாவை ஆராய்ந்தனர். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்றுகளாக, கையால் மார்பைத் தொட்டுச் சோதித்தனர். இருபது ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 2021இல் வெளிவந்தது. சோதிக்கப்பட்டோரிடம் நோய் தொடக்க நிலையிலேயே தெரிந்தது. ஐம்பது வயதும் அதற்கு மேலும் உடையோரிடையே இறப்பு ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்தது. அதனினும் இளையோரிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை. கருவியென அவர்களிடம் இருந்தவை பயிற்சி பெற்ற விரல்களே! இன்று முப்பது வயது கடந்த மகளிர்க்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இச்சோதனை செய்யப்படுகிறது.

நோய் உறுதியானபின் என்ன செய்வது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி நெடுங்காலம், மார்பையும் அதன்கீழுள்ள தசையையும் முற்றாக அகற்றுவதே முறையாக இருந்தது. கட்டியையும் சுற்றிலும் சிறிதளவையும் மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு அளித்தால், தொடக்க நிலை நோயில் உயிர் பிழைப்போர் தொகை குறையாது என்பதை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் நடந்த ஆய்வுகள் மெய்ப்பித்தன. அவற்றின் இருபது ஆண்டு முடிவுகள் 2002இல் வெளியாயின.

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகிய நால்வகையையும் மருத்துவத்தின் உறுப்பாகக் கூறினார் திருவள்ளுவர். நான்காமவரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். மருந்தின் விளைவால் முடி உதிர்ந்த தலையை மறைத்துத் திண்ணைப் பக்கமே வராத பெண்ணுக்கு, அம்முடி மீண்டும் முளைக்கும் என்று எடுத்துச் சொல்பவர் வேண்டும். அவளை விசேடங்களுக்கு அழைக்காமல் ஒதுக்குவோரைக் கண்டிப்பவர் வேண்டும். மாட்டுத்தீனியையும் அடுப்பையும் சில திங்கள் ஏற்றுக்கொள்ளும் கணவனும் மாமியாரும் வேண்டும். 1952இல் நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்னும் பெண்மணி, தாம் இந்நோய்க்கு அறுவை செய்துகொண்ட பின்னர், அவ்வாறே அறுவைக்கு உள்ளான பிற பெண்களைத் தேடிச் சென்று தேற்றத் தொடங்கினார். அதுவே பின்னர்ப் பேரியக்கமாயிற்று. ஒத்த துன்பம் கண்டவரின் சொல்லுக்கு உள்ள வலிமை மருத்துவர் சொல்லுக்கும் இல்லாமற் போவதுண்டு.

உடலும் மெல்ல மீள்கிறது. அக்குளின் நெறிகள் நீக்கப்பட்டால் கை வீங்கக்கூடும்; தோள் இறுகவும் கூடும். ஆதலின் அக்கையில் வெட்டுக்காயமும் தீக்காயமும் படாமல் காத்தல் வேண்டும். மருத்துவர் காட்டிய பயிற்சியையும் விடாது செய்தல் வேண்டும். அப்பயிற்சிகளுள் ஒன்று மிக எளியது. சுவரை நோக்கி நின்று, விரல்களால் எறும்பு ஊர்வதுபோல மேல்நோக்கி ஏறுதல். எட்டிய இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு. மறுநாள் அதற்குச் சற்று மேலே மற்றொரு கோடு. முதலில் தோளளவு, பின்னர்த் தலையளவு எனக் கோடுகள் உயர்கின்றன. முற்றத்துக் கொடியில் ஈரச்சேலையை எறிந்து உலர்த்தும் உயரத்தைக் கை எட்டியபின் சுவரில் புதுக்கோடு தேவைப்படுவதில்லை.