குடை விரிக்கும் ஓணான்

லயத்துப் பக்கம் ஓணானைக் கண்டால் நம்ம பிள்ளைகள் உடனே கல்லைத் தேடுகிறார்கள். "கழுத்து சிவக்குது, ரத்தம் உறிஞ்சுது" என்று சொல்லி அடிக்கிறார்கள். நாமும் சின்ன வயசில் அப்படித்தான் செய்தோம். அது சரிதானா? இந்த ஓணானுக்குக் கடலுக்கு அப்பால் ஒரு சொந்தக்காரன் உண்டு. அவனை அறிந்தால் விடை தெரியும்.

எங்கே வாழ்கிறது?

வட அவுஸ்திரேலியாவிலும் நியூகினித் தீவின் தென்பகுதியிலும் சவன்னா நிலம் உண்டு. நம்ம மானாப்புல்லு போல ஆளுயரப் புல்லும், இடையிடையே மரங்களும் உள்ள வெப்பவெளி அது. சில மாதம் நல்ல மழை, பிறகு கடும் வறட்சி. அங்கேதான் இந்தக் குடை ஓணான் இருக்கிறது. வாலோடு சேர்த்து ஏறக்குறைய 3 அடி வரை வளரும். பெரும்பாலும் மரத்தில்தான் இருக்கும். பூச்சி, கறையான் பிடிக்கக் கீழே இறங்கும். வறட்சிக் காலத்தில் உச்சிக் கிளையில் அசையாமல் கிடந்து, குறைவாகத் தின்று உயிரைக் காக்கும். மழை வந்ததும் சுறுசுறுப்பாகி, மண்ணைத் தோண்டி முட்டையிடும்.

குடை எதற்கு?

கழுத்தைச் சுற்றி மெல்லிய தோல் மடிந்து கிடக்கும். அதற்குள் நாக்கெலும்போடு சேர்ந்த குருத்தெலும்புக் கம்பிகள் இருக்கின்றன. வாயை அகலத் திறந்தால் குடைக்கம்பி போல அவை தோலை விரிக்கும். ஏறக்குறைய ஓர் அடி அகலம்!

பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் அது சண்டைக்காரன் அல்ல. ஆபத்து வந்தால் முதலில் மரப்பட்டை நிறத்தோடு ஒட்டி ஒளியும். முடியாவிட்டால் குடையை விரித்துச் சீறும். எதிரி தயங்கினால் போதும், பின்னங்கால் இரண்டில் எழுந்து அடுத்த மரத்துக்கு ஓடிவிடும். குடை வெறும் மிரட்டல்தான். ஆண்கள் ஒன்றையொன்று விரட்டவும் அதை விரிக்கும்.

நம்ம ஓணான்?

இதுவும் அதே குடும்பம்தான். கழுத்து சிவப்பது ரத்தம் குடித்து அல்ல. இணைசேரும் காலத்தில் ஆண் ஓணான் காட்டும் நிறம் அது. கையில் பிடித்தால் கடிக்கும், மற்றபடி நமக்குக் கெடுதி செய்யாது. தின்பது பெரும்பாலும் பூச்சிகளைத்தான். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துக் காட்டில் மூக்கில் கொம்புள்ள ஓணானும் உண்டு. அது இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

பெற்றோரே, அடுத்த முறை பிள்ளை கல்லெடுத்தால் அடிக்காமல் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பிள்ளைகளே, எட்ட நின்று பாருங்கள். அது தலையாட்டுவது ஏன் என்று யோசியுங்கள்.