கேள்வித்தாளை வீட்டிலேயே வைத்துவிட்டு வா

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கேள்வித்தாளைப் படித்தேன். மொத்தம் 22 கேள்வி. ‘ரத்த தானத் தன்னார்வலர்களுக்கென்று ஒரு செயலி வந்தால் பயன்படுத்துவீர்களா?’ என்பது 17-ஆவது. படிக்கிற பிள்ளையின் முகம் வாடக் கூடாது என்று எங்கள் குழுவில் எல்லாருமே ‘கட்டாயம், தம்பி’ என்பார்கள். அதை நம்பி நீயும் செய்வாய். ஒரு மாதம் கழித்து அது எங்கள் போனில் சும்மா கிடக்கும்.

அதற்குப் பதில், ‘ரத்தம் கேட்டுக் கடைசியாக உங்களுக்கு வந்த போன் எது? அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’ என்று கேட்டுப் பார். ஜான் ஃபிளனகன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் எழுதிவைத்த வழி இதுதான்: அபிப்பிராயத்தைக் கேட்காதே, நடந்த ஒன்றைச் சொல்லச் சொல். உன் பாடத்திலும் இருக்குமே.

என்னைக் கேட்டிருந்தால் போன செவ்வாய்க்கிழமையைச் சொல்லியிருப்பேன். இரவு சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருக்கிறது. ‘அவசரம் சார், பி பாசிட்டிவ்’ என்று ஒரு குரல். எந்த வார்டு, எத்தனை யூனிட், முழு ரத்தமா பிளேட்லெட்டா, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. பதறுகிற மனிதரிடம் அதட்டிக் கேட்கவும் முடியாது. டாக்டர் எழுதிய சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பிளேட்லெட். முழு ரத்தம் 35 நாள் வரை தாங்கும், பிளேட்லெட் 5 நாள்தான். சேர்த்துவைக்க வழியில்லாததால் டெங்கு காலத்தில் எங்களுக்குத் தூக்கமே கிடையாது. நான்கு பேரைக் கூப்பிட்டேன், அமையவில்லை. ஐந்தாவது ஆள் பைக்கில் 20 கிலோமீட்டர் போனார். ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும்; அவருக்கு 11.8. திருப்பி அனுப்பிவிட்டார்கள். ‘என்னை எதுக்குண்ணே வரச் சொன்னீங்க?’ என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. இப்படித் திரும்பியவர்களில் பலர் மறுபடி போனை எடுப்பதில்லை.

கதை அதோடு முடியவில்லை. வேறு யாரோ ரத்தம் கொடுத்து நோயாளி தேறிவிட்டார். ஆனால் வாட்ஸ்அப்பில் போட்ட அறிவிப்பு குரூப் குரூப்பாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று நாளாக அந்த வீட்டுக்கு ஓயாமல் போன்.

பேசினால் மட்டும் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து பார். எங்கள் அக்கா ஒருவர் கோடு போட்ட நோட்டில் டோனர் பெயர்களை எழுதிவைத்திருக்கிறார். சில பெயருக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளி. என்னவென்று கேட்டால், இவர் ரத்தம் கொடுப்பது வீட்டுக்குத் தெரியாதாம், பகலில் மட்டும் கூப்பிட வேண்டுமாம். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி என்ற கணக்கை எந்தச் செயலியும் போட்டுவிடும். அந்தப் புள்ளியை எங்கே வைப்பாய்? பெண் டோனர்களின் எண்ணை எந்தப் பட்டியலிலும் ஏற்றக் கூடாது என்று அவர் பிடிவாதமாக இருப்பதன் காரணத்தையும் அவர் வாயாலேயே கேள். நீயாக ஊகிக்காதே.

நேராகக் கேட்டால் வராத விஷயமும் உண்டு. உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 1998 ஜனவரி 1 முதல் காசு வாங்கி ரத்தம் கொடுப்பது இந்தியாவில் தடை. நல்லதுதான். ஆனால் தினக்கூலிக்குப் போகிற பையன் ஆட்டோவுக்கு 200 ரூபாய் கேட்டால் அது விலையா, வழிச்செலவா? பெரும்பாலும் தன்னார்வலர் தன் பையிலிருந்து கொடுத்துவிட்டு வெளியே சொல்லமாட்டார். நாலைந்து முறை டீ குடித்துப் பழகிய பிறகுதான் இது உன் காதுக்கு வரும்.

எத்தனை பேரைப் பார்ப்பது என்று கேட்டிருந்தாய். புதிதாக ஒன்றும் வராத வரைக்கும். அதில் இரண்டு பேராவது குழுவை விட்டுப் போனவர்களாக இருக்கட்டும். எங்களைப் பற்றி எங்களைவிட அவர்கள்தான் நேர்மையாகப் பேசுவார்கள். போன் பேச்சை மட்டும் பதிவு செய்யாதே. மறுமுனையில் இருப்பவர் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லை. நோயாளியின் பெயரோ வியாதியோ உன் குறிப்பேட்டில் ஏறவே கூடாது.

வருகிற ஞாயிறு காலை முகாம் இருக்கிறது. 7 மணிக்கு வந்து நாற்காலி போடு, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரி, யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள் என்று பார். உனக்கு 18 முடிந்துவிட்டது, எடையும் 45 கிலோவுக்கு மேல்தான். எதற்கும் வெறும் வயிற்றோடு வந்துவிடாதே.

அன்புடன்,
அண்ணன்