எச்சமாய் நிற்கும் செயற்கூறு

முற்றுப் பெறாது வேறொரு சொல்லை அவாவி நிற்பதனை எச்சம் என்பர் இலக்கண நூலார். ‘வந்து’ என்ற அளவில் பொருள் முடிவதில்லை. எனினும், வருதல் என்னும் பொருளை அது தன்னகத்தே தாங்கியே நிற்கின்றது. கணிப்பொறி மொழிகளிலும் இத்தன்மைத்தாய ஒன்று உண்டு. தான் தோன்றிய இடத்து மதிப்புகளைப் பற்றிக்கொண்டு, எஞ்சியவற்றின் வரவை நோக்கி நிற்கும் அச்செயற்கூற்றைக் குளோஷர் என்பர். இப்பெயரை 1964-இல் வழங்கியவர் பீட்டர் லாண்டின் என்னும் ஆங்கிலேய அறிஞர். 2015-இல் 1.0 பதிப்பாக வெளிவந்த ரஸ்ட் மொழியில் இதன் இயல்பை ஈண்டு ஆராய்வாம்.

எம் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்திற்குப் பெயர்பெற்றது. அதனையொட்டிக் கணக்கொன்று அமைப்போம். ஒரு செயற்கூறு கிலோவின் விலையைப் பெற்று ஒரு குளோஷரைத் தரும். அக்குளோஷர் சாக்கின் கழிவைப் பெற்று, உள்ளிருந்து மற்றொரு குளோஷரைத் தரும். இவ்வுட்குளோஷர் மூட்டையின் எடையைப் பெற்றுத் தொகையைக் கூறும். விலை 2,000 ரூபாய், கழிவு 1 கிலோ, எடை 51 கிலோ எனின் விடை 1,00,000 ரூபாய்.

இங்கு மூன்று இடர்கள் எழும். முதலாவது: செயற்கூறு பணி முடித்து மீளுங்கால் விலை இருந்த நினைவக இடமும் நீங்கிவிடும். குளோஷர் அவ்விலையை இரவலாகவே கொண்டிருப்பின், இல்லாத இடத்தைச் சுட்டி நிற்கும். ரஸ்ட் நிரல்பெயர்ப்பி இதனை ஏலாது மறுத்துவிடும். குளோஷரின் முன் ‘மூவ்’ என்னும் சொல்லை இட்டால் விலை அதற்கே உடைமையாகும். உட்குளோஷருக்கும் அச்சொல் இன்றியமையாதது. வெளியதற்கு இட்டு உள்ளதற்கு இடாது யானும் ஒரு மாலைப்பொழுதை இழந்தேன்.

இரண்டாவது: எண்கள் தாமே படியெடுக்கப்படும். ஆதலின் நடுக்குளோஷரைப் பன்முறை அழைக்கலாம். எண்ணுக்கு மாறாக உரியவரின் பெயரை எழுத்துச் சரமாக வைத்து உள்ளே ஈந்துவிடின், நடுக்குளோஷர் வெறுங்கையதாகும். ஒரு முறைக்கு மேல் அழைத்தற்கு உதவாது. ஒவ்வொரு முறையும் ‘குளோன்’ என்பதனால் படியொன்று எடுத்து அளித்தலே தகும்.

மூன்றாவது: ஒவ்வொரு குளோஷரும் பெயரிடற்கரிய தனி வகையினது. 2018-இல் வந்த 1.26 பதிப்பு, செயற்கூறு தரும் வகையை ‘இம்ப்ல்’ என்று குறிக்க இடமளித்தது. அக்குளோஷர் தரும் மற்றொன்றை அவ்வாறு குறிக்க இடமளித்திலது. ஆகவே உட்குளோஷரைப் ‘பாக்ஸ்’ என்னும் பேழையுள் வைத்து, ‘டின்’ என்னும் குறியோடு தருவர்.

2021 முதல் ரஸ்ட் மொழியில் தமிழ்ப் பெயர்களும் செல்லும். ஆர்வமுடைய நண்பர்கள் ‘விலை’, ‘கழிவு’, ‘எடை’ எனப் பெயரிட்டே இதனை எழுதிப் பார்ப்பாராக.