வேப்பிலையும் மஞ்சளும் போதுமா?



போன வருஷம் என் தம்பிக்குத் தொடையில் கட்டி வந்தது. "வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் போடுடா, ரெண்டு நாள்ல அமுங்கிடும்" என்றார் பாட்டி. போட்டேன். அதோடு, எனக்கு முன்பு கொடுத்து மீதியிருந்த ஆண்டிபயாட்டிக் மாத்திரைகளையும் கொடுத்தேன். நான்காம் நாள் நல்ல காய்ச்சல். மருத்துவமனையில் சீழைச் சோதித்தார்கள். எம்ஆர்எஸ்ஏ என்றார்கள்.

அது என்ன?

ஸ்டேபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, ஏறக்குறைய மூன்றில் ஒருவருடைய மூக்கில் தொல்லை தராமல் குடியிருக்கிறது. தோலில் காயம் பட்டால் உள்ளே புகும். அதை அடக்க 1959இல் மெத்திசிலின் வந்தது. 1961இலேயே அதற்கு அடங்காத வகை பிரிட்டனில் தென்பட்டது. அதுதான் எம்ஆர்எஸ்ஏ. மருந்து சாதாரணக் கிருமிகளைக் கொல்லும். தாங்கி நின்றவை பெருகும். மீதி மாத்திரையைக் கண்டபடி விழுங்குவது இதற்குத்தான் வழிவிடும்.

செடிகள் உதவுமா?

புண் ஆறினாலும் கிருமி தோலிலும் மூக்கிலும் தங்கலாம். அதை நீக்க மூக்குக்கு முபிரோசின் களிம்பும், குளிக்கக் குளோர்ஹெக்சிடினும் கொடுப்பார்கள். இப்போது முபிரோசினுக்கும் அடங்காத கிருமிகள் உண்டு. அதனால்தான் செடிகளிலும் தேடுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் டீ ட்ரீ எண்ணெயை இங்கிலாந்தில் 224 நோயாளிகளிடம் சோதித்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த எண்ணெய் கலந்த களிம்பிலும் திரவத்திலும் 41 விழுக்காட்டினருக்குக் கிருமி நீங்கியது; வழக்கமான மருந்தில் 49 விழுக்காடு. மூக்கில் முபிரோசின் ஜெயித்தது, தோலில் டீ ட்ரீ முந்தியது.

நம்ம வேம்பும் மஞ்சளும்? ஆய்வுக்கூடத் தட்டில் கிருமியைத் தடுக்கின்றன. ஆனால் தட்டு வேறு, தோல் வேறு. மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரைவதே இல்லை. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு அமெரிக்கா கொடுத்த காப்புரிமையை, இந்தியா வாதாடி 1997இல் ரத்து செய்ய வைத்தது. "எங்கள் சொத்து" என்று வாதாடிய நாம், அதை முறையாகச் சோதித்துக் காட்டவும் வேண்டும். அதுவும் மரபுக்குச் செய்யும் மரியாதைதான்.

நினைவில் வையுங்கள்

1. கட்டியைப் பிதுக்காதீர்கள். காய்ச்சல் வந்தாலோ சிவப்பு பரவினாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.
2. மீதி மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.
3. துண்டையும் சவரக்கத்தியையும் பகிராதீர்கள்.
4. டீ ட்ரீ எண்ணெயை நீர்க்காமல் பூசாதீர்கள், குடித்தால் விஷம்.

தம்பி இப்போது நலம். பாட்டியின் வேப்பிலை மேல் எனக்குக் கோபமில்லை. தவறு என் மாத்திரையில், நான் தாமதித்த நாலு நாளில்.

கலந்து பேசுங்கள்: உங்கள் வீட்டு வைத்தியத்தில் எதை நம்புகிறீர்கள்? எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் போவீர்கள்?