முடக்குவாதமும் லூபஸும்

மூட்டு வலி என்றால் ‘வாயு’ என்று தைலம் தேய்த்துவிட்டுச் சும்மா இருப்பது நம் வீடுகளில் வழக்கம். வயதானவர்களின் முழங்கால் தேய்மானத்துக்கு அது ஓரளவு ஆறுதல் தரலாம். முடக்குவாதமும் லூபஸும் தேய்மானத்தால் வருபவை அல்ல. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்குவதால் வருபவை. இரண்டும் பெண்களையே அதிகம் பாதிக்கின்றன.

சென்னை ரயிலில் ஊருக்குப் போகும்போது தவுண்டு தாண்டியதும் பிக்வண் என்ற ஸ்டேஷன் வரும். அந்தக் கிராமத்தில் 1996-ல் புனேயைச் சேர்ந்த டாக்டர் அரவிந்த் சோப்ரா குழுவினர் வீடு வீடாகச் சென்று மூட்டு வலிகளைக் கணக்கெடுத்தார்கள். பெரியவர்களில் சுமார் 200 பேருக்கு ஒருவர் என்ற அளவில் முடக்குவாதம் காணப்பட்டது. லூபஸ் இதைவிட மிக அரிது. அதனாலேயே அதை முடக்குவாதம் என்று எண்ணிவிட வாய்ப்புண்டு.

ஒற்றுமை: இரு கை விரல் மூட்டுகளிலும் வலி, காலையில் விறைப்பு, அசதி, லேசான காய்ச்சல்.

வேற்றுமை: முடக்குவாதம் மூட்டின் உள்சவ்வை வீங்கச் செய்து எலும்பை அரிக்கும், நாளடைவில் எக்ஸ்ரேயில் தெரியும். லூபஸில் மூட்டு வலித்தாலும் எலும்பு அரிப்பது குறைவு. வெயில் பட்டால் கன்னத்திலும் மூக்கிலும் சிவந்த தடிப்பு, வாய்ப்புண், முடி உதிர்தல் ஆகியவை வரலாம். சிறுநீரகமும் கெடலாம். அது வலிக்காது, சிறுநீர்ப் பரிசோதனையில் புரதம் தெரிந்தால்தான் உண்டு.

ரத்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. ஆர்.ஏ. ஃபேக்டர் லூபஸிலும், ஏ.என்.ஏ. முடக்குவாதத்திலும் வரக்கூடும். ஆன்டி-சி.சி.பி. முடக்குவாதத்தையும், ஆன்டி-டி.எஸ். டி.என்.ஏ. லூபஸையும் இன்னும் தெளிவாகக் காட்டும். சிலருக்கு இரண்டு நோயும் சேர்ந்தே இருப்பதுண்டு. அதை ‘ரூபஸ்’ என்பார்கள்.

மருந்தில் கவனம்: ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இரண்டுக்கும் தரப்படுகிறது. டாக்டர் சொல்லும் காலத்தில் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே நாள் மட்டுமே. தவறித் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. ஆகவே பக்கத்து வீட்டு மாமியின் மருந்துச் சீட்டு நமக்கு உதவாது.

விரல் மூட்டு வீக்கமும் காலை விறைப்பும் சில வாரங்கள் நீடித்தால் மூட்டுவாத நிபுணரிடம் செல்லுங்கள். “சிறுநீரும் பார்க்க வேண்டுமா, டாக்டர்?” என்று நீங்களே கேளுங்கள். சில ரூபாய்ச் செலவில் ஒரு சிறுநீரகம் காப்பாற்றப்படலாம்.