வான்வழிக் காவலும் செயற்கைக்கோளும்

நிலத்தில் செல்லும் ஊர்திக்குச் சாலை உண்டு, மைல்கல் உண்டு. நடுக்கடலின்மேல் பறக்கும் விமானத்திற்கு இவை இல்லை. அது எங்குச் செல்கிறது என்பதைத் தரையில் இருப்போர் எவ்வாறு அறிகின்றனர்? இவ்வினாவிற்கு விடை காண்பதே நம் நோக்கமாகும்.

ராடாரும், விமானிகள் நிலத்தின்மேல் பேசப் பயன்படுத்தும் வானொலியும் நேர்க்கோட்டில் செல்லும் அலைகளால் இயங்குபவை. புவி உருண்டை ஆதலின், கரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்கு அப்பால் அவை பெரிதும் பயன்படுவதில்லை. அதற்கப்பால் சிற்றலை வானொலியே துணையாக இருந்தது. அவ்வலை நெடுந்தொலைவு செல்லும்; ஆயினும் இரைச்சல் மிகுதி. எண்ணொன்று பிழைபடக் கேட்கப்படின் உயரமே மாறிவிடும். இருப்பிடம் உறுதியாகத் தெரியாமையால், ராடார் எல்லைக்குள் 5 கடல்மைல் இடைவெளியில் செல்லத்தக்க விமானங்களைக் கடலின்மேல் பல பத்துக் கடல்மைல் விலக்கிச் செலுத்த வேண்டியிருந்தது.

இக்குறையை நீக்கும் வழியை ஆராயப் பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பு 1983ஆம் ஆண்டில் ஒரு குழுவை நிறுவியது. அக்குழு செயற்கைக்கோளைத் துணைக்கொள்ளுமாறு பரிந்துரைத்தது. நிலநடுக்கோட்டிற்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் புவியோடு ஒத்துச் சுழலும் கோள், நம் பார்வைக்கு ஓரிடத்தில் நிற்பது போலிருக்கும். புவிப்பரப்பில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் அதன் எல்லைக்குள் அடங்கும். அதன்வழி இரு பணிகள் நிகழ்கின்றன. ஒன்று, விமானியும் கட்டுப்பாட்டாளரும் எழுத்து வடிவில் செய்தி பரிமாறுதல். மற்றொன்று, விமானம் தன் இடத்தையும் உயரத்தையும் குறித்த இடைவெளியில் தானே அறிவித்தல். வங்கக் கடல்மேல் செல்லும் விமானங்களைக் காக்கும் சென்னை நிலையமும் இம்முறையைக் கையாள்கிறது.

எனினும் கருவி இருத்தல் மட்டும் போதுமா? 2014 மார்ச் 8 அன்று கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் நோக்கி 239 பேருடன் சென்ற மலேசிய விமானம் ராடார்த் திரையிலிருந்து மறைந்தது. ஆயினும் அதிலிருந்த செயற்கைக்கோள் கருவி, இந்தியப் பெருங்கடலின் மேலுள்ள இன்மார்சாட் கோளுடன் அன்று காலை வரை ஏறத்தாழ மணிக்கொருமுறை தொடர்புக் குறி பரிமாறி வந்தது. 'இருக்கிறேன்' என்று அது சொல்லிற்று. 'இங்கே இருக்கிறேன்' என்று சொல்லவில்லை. அக்குறிகள் சென்றுவந்த நேரத்தையும் அதிர்வெண் மாற்றத்தையும் கொண்டே, விமானம் தென் இந்தியப் பெருங்கடலில் முடிவுற்றது எனக் கணித்தனர். 2015ஆம் ஆண்டில் ரீயூனியன் தீவில் அதன் இறக்கைப் பகுதி ஒன்று கரையொதுங்கியது. உற்றாருக்கு அத்துண்டே செய்தியாயிற்று.

இத்துயரம் விதியை மாற்றியது. பெருங்கடல்மேல் செல்லும் பெரிய பயணிகள் விமானங்களின் இருப்பிடம் 15 நிமிடத்திற்கு ஒருமுறையேனும் அறியப்பட வேண்டும் என்னும் நெறி 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2019 முதல், தாழ்ந்த பாதையில் சுற்றும் 66 இரிடியம் கோள்கள் விமானங்கள் வெளியிடும் இருப்பிடக் குறிகளை நேரே பெற்றுத் தரைக்கு அனுப்புகின்றன.

செய்தித்தொடர்பின் பயன் அதன் விரைவில் மட்டும் இல்லை. எதை, எப்பொழுது, யாருக்குச் சொல்வது என்னும் ஒழுங்கிலும் உள்ளது. அவ்வொழுங்கை வகுக்கும் பொறுப்பு மனிதருடையதே என்பதை அறிவியல் பயிலும் நம் மாணவர் உளங்கொள்வாராக.